புதன்கிழமை முழுக்கப் பேச்சு

"பாட்டு வைக்க முடியாது காளியாயி. இன்னைக்குப் பூரா பேச்சுத்தான்" என்றார் பொன்னையா.

காளியாயி அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிராக்காரி, அடுத்த அறையில் இருப்பவள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்டவள், முதுகில் கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே படுக்கையில் பொன்னையாவின் மனைவி ஜெயலெட்சுமி கிடந்தாள். அவள் தலைமாட்டில் ஒரு பேட்டரி ரேடியோ. அட்டன் கடைவீதி நாகலிங்கம் முதலாளி ஒரு நாளைக்கு மட்டும் இரவல் கொடுத்தது.

"அதிசயமா லயத்துக்கு ரேடியோ வந்திருக்கு. அதுலயும் யாரோ புத்தி சொல்றதையா கேக்குறீங்க அண்ணே?"

"சுந்தரிக்குச் சேதி சொல்லப் போறாங்கடி" என்றாள் ஜெயலெட்சுமி.

காளியாயி சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஏழு வருசத்துக்கு முன்னால் இவர்களுடைய ஒரே மகள் சிவகாமசுந்தரி, கொழுந்து லொறியில் வேலை செய்த சூசைரட்ணத்தோடு போய்விட்டாள். வேதக்காரப் பையன், கிறிஸ்தவன். மறுநாள் இரண்டு பேரும் மாலையோடு வந்து நின்றபோது, பொன்னையா கதவை மறித்துக்கொண்டார். "உங்கம்மா செத்தா வா. அதுக்கு முன்னால இந்த லயத்துல கால வைக்காத" என்றார். சுந்தரி அழவில்லை. "சரிப்பா, அப்படியே வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அம்மாவைப் போலவே பிடிவாதக்காரி.

அதற்குப் பிறகு காற்றுவாக்கில் வந்த சேதிகள்தான். ராகலையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், தலவாக்கலையில் என்று இன்னொருவர். பொன்னையா இரண்டு இடத்துக்கும் போய் அலைந்துவிட்டு வந்தார். போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. ஒரே ஒரு தடவை, சந்தைக்கு வந்த ஒரு பொம்பளை மூலமாகப் பதில் வந்தது. அப்பா சொன்ன சொல் அப்படியே இருக்கட்டுமாம்.

போன மாதம் டிக்கோயா ஆஸ்பத்திரி டாக்டர், இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜெயலெட்சுமியை அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். கண்ணை மூடுவதற்குள் மகளைப் பார்க்கவேண்டும். ரேடியோ யோசனையும் அவளுடையதுதான். சின்ன வயதில் சுந்தரி நாகலிங்கம் கடை வாசலில் நின்றால், ரேடியோவில் எது வந்தாலும் முழுசாகக் கேட்காமல் நகரமாட்டாள்.

கடிதத்தைப் பொன்னையா எழுதினார். நாற்பது வயதுக்கு மேல் தொழிற்சங்கத்து வகுப்பில் படித்த எழுத்து. நாலு வரிக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒரு வரியில் கை ஓடவே இல்லை. "எழுதுங்க, நான்தானே சொல்றேன்" என்று அவள் அதட்டின பிறகுதான் எழுதி முடித்தார். சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போன முதலாளி அதைக் கையோடு கொண்டுபோய் ரேடியோ நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தார். புதன்கிழமை சொல்வார்களாம். நேரம் மட்டும் தெரியாதாம்.

அதனால் பொன்னையா இன்று வேலைக்குப் போகவில்லை. ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஒரு பெரியவர் பொறுமையைப் பற்றிப் பேசினார். அடுத்து வந்தவர் நெல்லுக்கு எந்த மாதத்தில் என்ன உரம் போடவேண்டும் என்று நிறுத்தி நிதானமாக விளக்கினார்.

"நம்ம வயலுக்கா சொல்றாரு?" என்றாள் ஜெயலெட்சுமி.

ஒரு சாண் நிலம் இல்லாத பொன்னையா சிரித்தார். அவளும் சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. துணியில் பட்ட சிவப்பை அவர் பார்க்குமுன் மடித்துக்கொண்டாள்.

பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆறுகளைப் பற்றிப் பாடம் நடந்தது. ஒரு அம்மா வந்து, கர்ப்பிணிகள் தினமும் முட்டையும் பாலும் சாப்பிடவேண்டும் என்றார். சுந்தரிக்கு எத்தனை பிள்ளைகளோ என்று ஜெயலெட்சுமி கேட்டாள். பொன்னையா ரேடியோவின் குமிழைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானச் செய்தியில், இந்த நாட்டில் யார் இருக்கலாம், யார் போகவேண்டும் என்று மந்திரிமார் பேசினதைச் சொன்னார்கள். அப்போதே சத்தம் மெலிந்துவிட்டது. அடுத்தாற்போலப் பாட்டு வந்தது. அந்த நேரத்தைப் பார்த்து, பொன்னையா பேட்டரிகளைக் கழற்றி அடுப்போரத்தில் சூடு காட்டினார். பாட்டு முடிகிற நேரத்துக்குத் திரும்பப் போட்டார். கொஞ்சம் உயிர் வந்தது.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் காளியாயி வந்து நின்றாள். இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே, சொல்லிவிட்டார்களா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்று பொன்னையா தலையாட்டினார்.

"சொன்னா மட்டும் வந்திருவாளா அக்கா? ஏழு வருசம் வராத வைராக்கியக்காரி."

ஜெயலெட்சுமி கண்ணைத் திறக்கவில்லை. "இதக் கேட்டா வருவா."

அந்த நேரத்தில் ரேடியோவில் குரல் மாறியது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. பொன்னையா எழுந்து நின்றார்.

"டிக்கோயா, மேற்கணக்கு லயத்தைச் சேர்ந்த பொன்னையாவின் அன்பு மனைவி ஜெயலெட்சுமி காலமானார். அன்னாரின் நல்லடக்கம் வெள்ளிக்கிழமை நடைபெறும். இவ்வறிவித்தலை மகள் சிவகாமசுந்தரி ஏற்றுக்கொள்ளவும்."

காளியாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயலெட்சுமி கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினாள். "போய்ச் சோத்துக்கு ஒலை வைங்க, புள்ள பசியோட வரும்" என்றாள் புருசனிடம். "வெள்ளிக்கிழமைன்னு சொல்லியாச்சு. அதுவரைக்கும் தாங்கிருவேன்."