பிய்த்துப் போட்ட கறி

வெந்த கோழியைத் தண்ணீரிலிருந்து தூக்கித் தாம்பாளத்தில் போட்டாள். ஆறும்வரை பொறுக்கவில்லை. வெறும் விரலால் பிய்த்தாள்.

தொடையை முறுக்கினாள். மூட்டு கழன்று வந்தது.

கழுத்தை இழுத்தாள். நெஞ்சைக் கிழித்தாள். விரல் நுனியெல்லாம் எரிந்தது. எரியட்டும்.

எலும்பை அள்ளிச் சன்னல் வழியாக நாய்க்கு வீசினாள். சாட்சி இருக்கக் கூடாது.

மிச்சம் இருந்தது நார் நாராகச் சதை. இதில் எது தொடை, எது கழுத்து என்று அந்தக் கோழியே எழுந்து வந்தாலும் சொல்ல முடியாது.

அதுதான் அவளுக்கு வேண்டும்.

குக்கரைத் திறந்தாள். கருப்பு பீன்ஸ். பெங்களூரிலிருந்து துணிமணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்னடி இது, ஆட்டுப் புழுக்க மாதிரி?”

“மெக்சிகோக்காரன் சாப்பாடும்மா.”

“பாவம். அந்த ஊர்ல வேற ஒண்ணும் வெளயாதாக்கும்.”

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். சிரிப்பை முடிக்காமலே வாசலைப் பார்த்துக்கொண்டாள். அப்பா வரும் நேரம்.

பூண்டும் சீரகமும் மிளகாய்த்தூளும் தக்காளியும் வதங்கிய சட்டியில் பீன்ஸைக் கொட்டினாள். கறியைக் கொட்டினாள். போட்டுக் கிளறினாள். எலுமிச்சம்பழத்தை அதன் கழுத்தை நெரிப்பதுபோலப் பிழிந்தாள். மக்காச்சோள மாவில் ரொட்டி சுட்டு அடுக்கினாள்.

இந்த வீட்டில் கோழி எடுத்தால் கரண்டிக்கு வழி தெரியும். ஒரு கால் அப்பாவுக்கு. இன்னொரு கால் அப்பாவின் குவாட்டருக்கு. ஈரலும் அவருக்கே. கழுத்தும் முதுகெலும்பும் அம்மாவுக்கு. அதுவும் எல்லோரும் எழுந்துபோன பிறகு.

தொடைக்கறி எனக்குப் பிடிக்காது என்பாள் அம்மா. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வாய்கூடத் தின்று பார்க்காமல், பிடிக்காது.

பெங்களூரில் உடன் தங்கியிருப்பவள் ஒரு நாள் கோழியை இப்படித்தான் பிய்த்துப் போட்டுச் சமைத்தாள். எல்லோருக்கும் ஒரே கரண்டி, ஒரே கறி. இந்த வீட்டு வம்சத்திலேயே முதல் டிகிரி வாங்கிய இவளுக்கு அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது.

அப்பா வந்து உட்கார்ந்தார்.

மூன்று தட்டு வைத்தாள். மூன்றிலும் ஒரே அளவு. அம்மாவைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள்.

“அவரு தின்னுட்டுப் போகட்டும்டி.”

“நீ உக்காரு.”

அப்பா விரலால் கிளறினார். ரொட்டியைத் தூக்கி அடியில் பார்த்தார். மறுபடி கிளறினார்.

“கால் எங்க?”

“எல்லாத்துலயும் இருக்குப்பா.”

“கால் எங்கன்னு கேட்டேன்.”

“பிச்சுப் போட்டுட்டேன். மூணு தட்டுலயும் கால் இருக்கு. மூணு தட்டுலயும் கழுத்து இருக்கு.”

அவர் அம்மாவின் தட்டைப் பார்த்தார்.

அவருடைய தட்டு பறந்தது.

மகள் மேல் அல்ல. அவள் சம்பளம் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் மேல் அவர் கை வைப்பதில்லை. அவளுக்கு விழ வேண்டியதும் சேர்த்து அம்மாவுக்கு விழும்.

தட்டின் விளிம்பு அம்மாவின் புருவத்தைக் கிழித்தது. சுவரெல்லாம் பீன்ஸ். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் எழுந்தார். அம்மாவின் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். மறுபடியும் மோதினார்.

“எனக்குச் சமமா உனக்குத் தட்டா? நீதான சொல்லிக் குடுத்த?”

மகள் பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள். பல் இறங்கி உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. அவர் உதறியதில் பாத்திர அலமாரியில் போய் விழுந்தாள்.

“இருங்கடி. ரெண்டு பேரும் அப்படியே இருங்கடி.”

வெளியே போனார். வாசலில் மண்வெட்டிக் காம்பு சாத்தியிருக்கும். அதை எடுக்கத்தான்.

வழக்கம்தான். இப்போது அம்மா பின்னாலேயே ஓடி அவர் காலில் விழுவாள். அதுவும் வழக்கம்தான்.

அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஆக்கியது அவள். அடி அம்மாவுக்கு.

அம்மா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுவரை போனாள்.

சாத்தினாள்.

தாழ்ப்பாளைப் போட்டாள்.

திரும்பி வந்து தன் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். ரொட்டியில் கறியை அள்ளி வைத்து மடித்துக் கடித்தாள்.

கதவு அதிர்ந்தது.

“ஏ ராக்கு! தொறடி!”

அம்மா மென்றாள்.

“பஞ்சாட்டம் இருக்குடி,” என்றாள்.

காம்பு கதவில் இறங்கியது. பலகையில் விரிசல் ஓடியது. தாழ்ப்பாளின் திருகாணி ஒன்று தெறித்து உருண்டு வந்து அம்மாவின் கால் பக்கத்தில் நின்றது.

அம்மா அதைப் பார்த்தாள். இன்னொரு வாய் கடித்தாள்.

“ரொட்டிக் கல்லத் தூக்கி அடுப்புல போடு.”

“மாவு தீந்துபோச்சும்மா.”

“தெரியும். போடு. தீயக் கூட்டி வை.”

போட்டாள். கூட்டினாள். காய்ந்த கல்லிலிருந்து புகை கிளம்பியது.

வெளியே அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு மறுபடி காம்பு.

அம்மா தட்டை வழித்துத் தின்று முடித்தாள். கரித்துணியை எடுத்து, அவசரமில்லாமல், நான்காக மடித்தாள்.