தொடாத செடிகள்

வெயிலில் வாட்டிய தக்காளிச் செடிகளில், துன்பத்தைக் காட்டும் நொதி ஏறியிருந்தது நியாயம். ஒரு குறையும் வைக்காமல் வளர்த்த, ஆய்வுக்குடிலின் வாசலோர வரிசையில் அது இன்னும் அதிகமாக ஏறி, செடிகளும் கூனிக் குறுகிக் கிடப்பது ஏன் என்று ஆய்வு மாணவி அமலிக்குப் புரியவில்லை. அப்போதுதான் பேராசிரியர், தினமும்போல அந்த இலைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். அமலிக்கு விடை பிடிபட்டது. ஓயாமல் தொட்டாலே போதும், செடிக்கு அது அடிதான்.

"என்னம்மா, என் செல்லங்களுக்கு என்ன கொறச்சல்? நாமதான் இதுங்கள ஒண்ணுமே பண்ணலையே!" என்றவரின் ஒரு கை, வழக்கம்போல, அவள் தோளில் படிந்து கழுத்தை நோக்கி ஊர்ந்தது. அதில் இலைப் பிசுக்கின் வாடை. மற்றக் கை இன்னும் செடிமேல்தான் இருந்தது. இத்தனை நாளும் கூனிப் பழகியவள் நிமிர்ந்தாள்.

"கைய எடுங்க சார். ரெண்டயும்."