வளையலுக்குச் சொன்ன சொல்

“எம்மா, நீ சரியா சண்ட போடலியா?” என்று மகள் ரோஸ்லின் ஒருநாள் கேட்டுவிட்டாள். புற்றுநோய் வார்டில் நோயாளிகளுக்கு மாட்டிவிடும் பேசும் வளையல் அப்போதுதான், “வீராங்கனையே, இன்று இரத்த அணுக்கள் குறைவு. போரில் பின்வாங்காதே!” என்று முழங்கியிருந்தது. தையல்காரி அமலோற்பவம் தோற்றவளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த பிச்சம்மாள் துடைப்பத்தைச் சாய்த்துவைத்தாள். “இவ என்ன பட்டாளத்துக்கா வந்திருக்கா? ஒழுங்காப் பேசு!” என்று வளையலை அதட்டி, எப்படிப் பேசவேண்டும் என்றும் அதனிடம் மெல்லச் சொல்லிவைத்தாள்.

மறுநாள் வளையல் சொன்னது: “அக்கா, இன்னைக்கு ரெண்டு தையல் பிரிஞ்சிருக்கு. நாளைக்குப் போட்டுக்கிடலாம்.” அமலோற்பவம் வயிறு குலுங்கச் சிரித்தாள். அன்றைக்குக் கஞ்சியும் உள்ளே இறங்கியது.

மாதா புண்ணியத்தில் அவள் குணமாகி ஆறு வருடம் ஆயிற்று. பிச்சம்மாளுக்கும் அதே நோய் என்று கேள்விப்பட்டு அந்த வார்டுக்கே ஓடிவந்தாள். பிச்சம்மாள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் “வீராங்கனையே!” என்ற முழக்கம்தான். சுற்றிலும் யாருமில்லை. அமலோற்பவம் குனிந்து வளையலிடம் ஏதோ கிசுகிசுத்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியேறினாள்.

கதவைத் தாண்டும்போது பின்னால் வளையலின் குரல் கேட்டது: “பிச்சம்மாக்கா, பாதி வார்டு பெருக்கியாச்சு. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கிடலாம்.”