வாயிலுக்கு முன் கடைசி அத்தியாயம்

நவம்பர் 30, மலேசியாவின் பாசிர் கூடாங். ஒரே மாதத்தில் நாவல் எழுதி முடிக்கும் இணையப் போட்டி இன்று நள்ளிரவோடு முடிகிறது. தொழிற்சாலைப் பேருந்தின் முன்னிருக்கையில் வினிஃப்ரெட் கைப்பேசியில் கடைசி அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருக்கிறாள். வாயிலில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். இன்று அவளுக்கு இரட்டை ஷிப்ட். வெளியே வருவதற்குள் போட்டி முடிந்துவிடும். மாதம் முழுக்க அன்றன்று எழுதியதை இந்தப் பேருந்தில்தான் வாசித்துக் காட்டியிருக்கிறாள், அதனால் இன்று பின்னால் யாரும் தூங்கவில்லை. சன்னல் வழியே விழும் இளவெயிலில் அவள் கட்டைவிரல்கள் ஓடுகின்றன. “ரோசம்மாவ கதையில கொன்னுடாத வினி, நாளைக்கு நான் பஸ் ஏற மாட்டேன்,” என்கிறார் பின்னிருக்கையில் காளியம்மா, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க மறந்து. “சும்மா இருங்கக்கா, கல்யாணம் நடக்குது!” “அலமாக், அந்தக் குடிகாரனோடயா?” எல்லா வண்டியையும் முந்தியே பழகிய ஓட்டுநர் லெட்சுமணன் இன்று இடது ஓரமாக ஊர்கிறார். மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக் கடக்கின்றன. “இன்னும் ஸ்லோவா போங்கண்ணே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “இதுக்கு மேலன்னா எறங்கித் தள்ளணும் லா.” புகைபோக்கிகள் நெருங்குகின்றன, வாயில் தெரிகிறது. வினிஃப்ரெட் ‘முற்றும்’ என்று அடித்து அனுப்புகிறாள். பேருந்து முழுக்கக் கைதட்டல். கைப்பேசி லாக்கருக்குள் போகிறது. வருகைப் பதிவில் பேருந்தில் வந்த எல்லாருக்கும் தாமதம் என்று விழுகிறது.