ஊசிக் காது

தையல் கடையில் சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பதைத் தாண்டுகிறது. மகள் மடியில் கைபேசி. காத்திருப்போர் பட்டியலில் கிடந்தவளுக்கு, தொலைவில் வேறு ஊரிலுள்ள கல்லூரி இன்று காலைதான் இடம் தந்திருக்கிறது. ஐந்து மணிக்குள் ‘சம்மதம்’ என்ற பொத்தானைத் தொட வேண்டும். “போறதுன்னா போம்மா, நானா தடுக்கறேன்?” என்று அப்பா அடுத்த ஊசியை நீட்டுகிறார். “எதிர்ல யானை வந்து நின்னாலும் தெரியல எனக்கு. இதை மட்டும் கோத்துக் குடுத்துட்டுப் போ.” நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசிக் காதில் நுழைத்துத் தருகிறாள். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து இதே வேலை. பஞ்சுத் திண்டில் ஏழு ஊசிகள் நூலோடு நிற்க, எட்டாவது வருகிறது. அவள் விரல் பொத்தானுக்கு மேலே தயங்குகிறது. பக்கத்திலேயே கிடக்கும் கத்தரிக்கோலை அப்பாவின் கை மேசையெல்லாம் தடவித் தேடுகிறது. கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். கடிகாரம் ஐந்து அடித்து ஓய்கிறது. முகம் கழுவ எழுந்து போகிறவள், வாடிக்கையாளர் சட்டை போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியில் அப்பாவைப் பார்க்கிறாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, ஒன்பதாவது ஊசியில் கருப்பு நூலை ஒரே முயற்சியில் கோக்கிறார்.