சாய்கிற சீட்டு

மலைமேல், செம்மேட்டுச் சந்தைத் திடலில் இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

சிவப்பு, விமல்ராஜுடையது. இரண்டே சீட்டு, கழற்றி வைக்கிற கூரை, அவனைவிட வயதில் மூத்த ஸ்போர்ட்ஸ் கார். வெள்ளி நிறம், புரோக்கர் தனபாலுடையது. வீதிக்கு நாலு நிற்கும் சாதாரணக் கார்.

சிவப்பைக் கொடுத்து வெள்ளிக் காரை வாங்குவதாகப் பேச்சு.

விமல்ராஜின் மனைவி பூங்குழலி சேலத்து ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கை. ஆம்புலன்ஸ் வேண்டாம், நம்ம காரில்தான் வீட்டுக்கு வருவேன் என்கிறாள். சிவப்பு காரின் சீட்டு சாயாது.

அதனால் வேறொன்று நம்ம கார் ஆக வேண்டியிருந்தது.

தனபாலுக்கு இதெல்லாம் தெரியாது. தன் சரக்கைப் புகழாமல் விற்க வந்தவனை அவன் இதுவரை பார்த்ததில்லை. சந்தேகமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டு வண்டிக்கும் சேர்த்து அவனே பேசினான்.

"உங்களுது மாப்பிள்ளைங்க. ஊரே பாக்கும், வேலைக்கு ஆகாது. என்னுது மருமக. ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க, ஊட்டு வேலை பூரா அதுதான் பாக்கும்."

விமல்ராஜ் சிரிக்கவில்லை. வெள்ளிக் காரின் முன்சீட்டைச் சாய்த்து, ஏறிப் படுத்துப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"சீட்டை வுடுங்க, பிரேக்கைப் பாருங்க சாமி. எறக்கத்துல கட்டிப்போட்ட மாடாட்டம் நிக்கும்."

"சேலத்துக்கு எறங்கறப்ப நான் மட்டுந்தானுங்க. ஏத்தத்துல குலுங்குமா?"

"ஏனுங்க, யாரைக் கூட்டியாரப் போறீங்க?"

"எங்க ஊட்டுக்காரி பூங்குழலியத்தானுங்க, ஆஸ்பத்திரியிலருந்து. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிட்டாரு டாக்டரு."

தனபாலின் முகம் மலர்ந்தது. "அட, நல்ல சேதிய இப்படியா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுச் சொல்லுவாங்க? வண்டிய எடுத்துட்டுப் போங்க, பேரு மாத்தறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஆனா பத்தியம் முக்கியமுங்க. பலாப்பழத்தக் கண்ணுலயே காட்டிராதீங்க."

"பத்தியம் ஒண்ணுமில்லீங்க. எது கேட்டாலும் குடுக்கச் சொன்னாரு."

தனபால் சாவியைக் கொடுத்தான்.

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். சாய்ந்த சீட்டின் மேல் அதை விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டான்.