சாயங்காலம் அவிழ்க்க வேண்டிய குழவி

காலையில் தேவநேசன் சமையலறை ஆணியில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டையைக் கட்டி, அதன் நுனியில் அம்மிக்குழவியைத் தொங்கவிட்டார். மில்லில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் குழாய்களையும் டயர்த்தூளையும் சேர்த்து உருக்கி அவரே உண்டாக்கிய புது ரப்பர் அது. குழவியின் அடி நின்ற இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"சட்னி எதுல அரைக்க? உங்க தலையிலயா?" என்றாள் அவர் மனைவி ஜெசிந்தா.

"இன்னைக்குப் பொடி வச்சுத் தின்னுவோம். கோட்டை விட்டு இறங்கினா நான் செஞ்சது குப்பை. இறங்கலேன்னா ரப்பர். சாயங்காலம் நானே வந்து அவிழ்க்கேன், தொட்டுராதே."

மத்தியானம் மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மறுநாள் அடக்கம் முடிந்தது. வீட்டில் இருந்த சனத்துக்குச் சமைக்க வந்த நாத்தனார் எஸ்தர், "மதினி, குழவிய அவுக்கட்டா? தேங்கா அரைக்கணும்" என்றாள்.

"சாயங்காலம் ஆயிட்டுதா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

வாசலில் விளக்கு போட்டிருந்தார்கள். அவர் சொன்னது எந்தச் சாயங்காலம், அது போய்விட்டதா இனிமேல்தான் வருமா என்று ஜெசிந்தாவுக்குப் பிடிபடவில்லை. எழுந்துபோய்ச் சுவரோரம் குனிந்து பார்த்தாள்.

குழவி கோட்டிலேயே நின்றது.